ஆம்ப் மேல் இருந்த மோதிரம்

அத்தான்,

துறைமுகத்துல இன்னைக்கு எனக்கு ஏழு மணிக்கே வேலை, கெளம்புதேன். சீலா மீன் கொழம்பு அடுப்புல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க.

பத்து மணிக்கு ரேடியோ கடை சிவப்பிரகாஷ் அண்ணாச்சி உங்க பழைய பேஸ் கிட்டாரோட ஆம்ப் பெட்டியை ரிப்பேர் பாக்க வாராரு. நான்தான் வரச் சொன்னேன். அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கன்னு நேத்து கத்துனவளும் நான்தான், சரி. அவரு வாரதுக்கு முன்ன பின்பலகையைக் கழத்தாதீங்க. பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரண்டு நிக்குமாம்.

ஜன்னல் பக்கம் உப்புக்காத்து அடிக்கி. அதான் அதை என் பீரோ ஓரமா நகத்திட்டேன். என்ன கனம், யப்பா!

ஜெப்ஸி

பி.கு.: காலையில ஆம்ப் மேல உங்க கல்யாண மோதிரம் கெடந்துச்சு. கோவத்துல கழத்திப் போட்டுட்டீங்கன்னு நெனச்சுப் பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “உள்ள கை வைக்கதுக்கு முன்ன மோதிரத்தைக் கழத்தி வைக்கச் சொல்லும்மா, ஷாக் அடிச்சிரும்”னு அவரு சொன்ன பெறகுதான், ஆம்ப்பை ரிப்பேர் பாக்கத்தான் நீங்க கழத்தி வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுச்சு.

மோதிரத்தைத் தேடாதீங்க. என் கட்டைவிரல்ல இருக்கு. சாயங்காலம் வந்து நானே போட்டு விடுதேன்.