பெட்டியில் போட வேண்டிய விண்ணப்பம்

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை

என் விச்சிக்குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், மஸ்கட்டில் நீயும் மருமகன் ஆன்றோவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நீ என்னோடு பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. உன்மேல் குற்றமில்லை. அந்தப் போனில் நம் வீட்டுச் சங்கதி பேச இனி எனக்கும் பயம், அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால் இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை என்று நீ அழுதாயே, அது அப்பா இறந்து பன்னிரண்டாம் நாள். மாமியாருக்குத் தெரிய வேண்டாம், உங்களோடு இருக்கட்டும் என்றும் சொன்னாய். முப்பதாம் நாள் பூசை வரை வாசல் தாண்டக் கூடாது என்று உன் அத்தைமார் என்னை உள்ளேயே வைத்துவிட்டார்கள், இல்லையென்றால் வழக்கம்போல ஒரு சீட்டில் எழுதிக் கோயிலில் மாதா காலடியில் இருக்கிற பெட்டியில் போட்டிருப்பேன். அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, மாதக் கடைசியில் கோயில்பிள்ளை மனுவேல் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துப் பின்பக்கம் வைத்து எரித்துவிடுவார். என் போனில் ஜெபத்துக்கென்று ஒரு ஆப் இருந்தது, சும்மா கிடைக்கிறதே என்று நானே ஏற்றிக்கொண்டது. அதிலும் மாதா படம், மெழுகுதிரி, கீழே விண்ணப்பம் என்று எழுதி ஒரு பெட்டி. அதுவும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். மைக்கை அமுக்கி உன் பெயர், ஆன்றோ பெயர், மஸ்கட், இரண்டு பிள்ளை போனது எல்லாம் சொல்லி அழுதேன். மாதாவுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா என்று நம் தெருப் பெயரையும் சொன்னேன்.

அது நம் ஊரில் அந்த ஆப் வைத்திருக்கிற எல்லோருக்கும் போயிருக்கிறது. உன் மாமியார் காலை ஜெபத்தின்போது, யாரோ பாவம் என்று கைகூப்புகிற படத்தை அமுக்கிவிட்டு அப்புறம்தான் பெயரைப் பார்த்தார்களாம். நேரே இங்கே வந்து, எங்க வீட்டுப் பிள்ளை போனதுக்கு நானே ஊரோட சேந்து ஆமென் போட்டிருக்கேன் மதினி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா என்றார்கள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அழுதுகொண்டு கேட்டார்கள்.

உன் பெரியம்மா மகன் கிளைட்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சித்தி, மார்க்கெட்டுல ஒருத்தி ரெண்டு சாளை மீனைச் சும்மா போட்டாலே செவுளைத் தூக்கிப் பாப்பிய, இதுல மட்டும் பாக்கலயாக்கும் என்று சிரித்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காசு கட்டினால் விண்ணப்பம் ரகசியமாக இருக்கும் என்று அதிலேயே போட்டிருந்தது, கட்டச் சொன்னேன். ஜெபத்துக்கு நடுவில் வருகிற விளம்பரம் நின்றது. முன்னே சொன்னதை அழிக்கிற இடத்தையும் அமுக்கினோம், அழிந்தது என்று காட்டியது. மூன்றாம் நாள் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி என்று ஒரு பெண் கூப்பிட்டு, விஜிலா மேடத்தோட அம்மாவா என்கிறாள். காசு வாங்குனா இனிமே சொல்றத மறைப்பான் சித்தி, வித்தது வித்ததுதான் என்றான் கிளைட்டன், அப்போது அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. சும்மா கொடுத்தவனும் காசு வாங்கினவனும் ஒரே ஆள், இதில் யாரை நம்பச் சொல்கிறாய்.

ஆனாலும் அந்த ஆப்காரன்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க மாட்டேன். நீ என்னை நம்பிச் சொன்னாய். மாதாவிடம் சொல்வதாக இருந்தாலும் உன்னைக் கேட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். அது உன் வயிற்றுச் சங்கதி, என்னுடையது இல்லை. இது எனக்கு இத்தனை வயதில் புரிந்திருக்கிறது.

உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடு, கனம் தூக்காதே. மாமியார் கூப்பிட்டால் எடு, அவர்களும் நொந்துபோயிருக்கிறார்கள். தலைக்குக் குளிக்கிற நாளைக் குறித்துவைக்க உன் போனில் ஒரு ஆப் இருக்கிறதே, காசு கட்டினதுதான் என்றாய், இருந்தாலும் அதை எடுத்துவிட்டுக் காலண்டரில் புள்ளி வை. இந்த உறையை நானே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறேன், பிரிந்திருந்தால் எனக்குச் சொல். உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், சேசு உன்னைக் காப்பார்.

உன் அம்மா,
பிளாரன்ஸ்

உறையில் வைக்கப் போகும்போது ஒன்று நினைவு வந்தது. நேற்றுக் கோயிலுக்குப் போயிருந்தேன், பின்பக்கம் மனுவேல் இந்த மாதச் சீட்டுகளை எரித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சீட்டு சாம்பலாகும் வரை நின்று பார்த்தேன். நான் போனில் சொன்னதை எங்கே கொண்டுபோய் எரிப்பது, விச்சி?