ஒரே வயது, இரண்டு மதிப்பெண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசும் நலமா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது, அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் இந்த வருடம் ஊழியர் எல்லோருக்கும் வேலைத்திறன் மதிப்பெண் போட்டார்கள். அம்மாவும் நானும் ஒரே வயது, ஒரே தேர்வுப் பிரிவு, பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு ‘வயதுக்கேற்ற அனுபவம், நிதானம்’ என்று எழுதியிருக்கிறார் பதிவாளர், அம்மாவுக்குக் குறைத்துப் போட்டு ‘வயது காரணமாக வேகம் குறைவு’. கம்ப்யூட்டரில் நான் திணறும்போதெல்லாம் எட்டிப் பார்த்து முடித்துக் கொடுப்பவளே அவள்தான். அதோடு விட்டார்களா, மாணவர்கள் வரும் கவுண்டரிலிருந்து அவளை எடுத்துப் பழைய கோப்பு அறைக்குப் போட்டுவிட்டு, காலியாக இருந்த கண்காணிப்பாளர் பதவியை எனக்குக் கொடுத்தார்கள். அம்மா தண்ணீர் பாட்டிலையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கவுண்டரில் இப்போது உட்காரும் பெண் நல்ல பெண்தான், சந்தேகம் வந்தால் அவளும் கோப்பு அறைக்குத்தான் ஓடுகிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்றுப் பதிவாளரிடம் போய், என் வயசு அனுபவம்னா அவ வயசு மட்டும் எப்படி சார் கோளாறாச்சு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வீட்டுச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க, முன்னாடி உட்கார்ற பொம்பளைங்க கொஞ்சம் சின்ன வயசா இருந்தா நல்லதுதானே என்றார். பதவியே வேண்டாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, ஏதோ சாதித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, வேண்டாம்னு சொன்னீங்க சரி, அந்த இடம் எனக்கு வரவேண்டியதுன்னு சொன்னீங்களா என்று கேட்டாள். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை மகளே. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த எனக்கே வரவில்லை.

இன்று அவளே துணைவேந்தருக்கு மனு எழுதினாள். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு, எனக்கு எழுதத் தெரியும் என்றாள். சாட்சியாக மட்டும் கையெழுத்துப் போட்டேன். பதிவாளர் இனி என்னையும் சும்மா விடமாட்டார், மனு என்ன ஆகுமோ தெரியவில்லை, எங்களுக்குள்ளும் இன்னும் சகஜமாகப் பேச்சு வரவில்லை.

உன் ஆபீசில் நீ செய்த வேலையை நீதான் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லப் பழகு, கூச்சப்படாதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே, அவள் வேலையைப் பற்றிக் கேள். இந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை.

உன் அப்பா