சந்தூக்கின் மேல் வைத்த நட்சத்திரம்

"ஒருத்தன் திடீர்னு மரியாதை கொடுத்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க, வாத்தியாரே?" என்று ஒருநாள் என்னைக் கேட்டீர்கள். "முகத்தை" என்றேன். சிரித்தீர்கள். "கையைப் பாருங்க. என்ன எடுத்துக்கிட்டுப் போறான்னு அங்கதான் தெரியும்."

இன்று காலை உங்கள் வெண்கல நட்சத்திரத்துக்குப் பாலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், பாய். பர்மா யுத்தத்துக்காக உங்களுக்குக் கொடுத்த மெடல். பாலிஷ் நெடி மூக்கில் ஏறியதும் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது. உங்களை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்த அன்று இது உங்களைச் சுமந்துபோன சந்தூக்குப் பெட்டியின் மேல் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். இத்தனை வருஷமாக இதை நான் எங்கும் எழுதியதில்லை.

கீழக்கரையிலிருந்து பட்டாளத்துக்குப் போய், திரும்பி வந்து சட்டம் படித்து, போர்ட் பிளேருக்குக் கப்பலேறியவர் நீங்கள். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த உறவினர்கள் கல்லாவில் உட்காரச் சொன்னார்கள். நீங்களோ டெலானிபூர் ஏற்றத்தில் ஒரு பலகை வீட்டைப் பிடித்துக் கறுப்புக் கோட்டை மாட்டினீர்கள். வண்டூரில் காடு வெட்டி நெல் போட்டிருந்த முப்பது குடும்பங்களுக்கு, வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அவர்கள் தேடி வந்தது அந்த வீட்டைத்தான். அவர்கள் சொல்லச் சொல்ல நான் வாக்குமூலம் எழுதினேன். நீங்கள் ஒவ்வொன்றையும் ஹிந்தியில் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினீர்கள். "படிச்சுக் காட்டாம வாங்கின கைநாட்டு, திருடின கைநாட்டு" என்பீர்கள். வேறு நகல் கிடையாது. எல்லாமே உங்கள் பட்டாளத்துத் தகரப் பெட்டியில் இருந்தன, அடுத்த கப்பலில் கல்கத்தா கோர்ட்டுக்குப் போவதற்காக.

நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தில் உங்களுக்கு ஒருநாளும் நாற்காலி போட்டதில்லை. "ஃபௌஜி ஆத்மி, பட்டாளத்துல நின்னே பழக்கம்" என்று அங்கே சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

நீங்கள் மௌத்தான காலையில், உங்களைச் சுற்றக் கஃபன் துணி வருவதற்கு முன்பே அதே அலுவலகத்திலிருந்து ஒருவர் தேசியக் கொடியோடு வந்துவிட்டார். நம் ஊர்ப்பக்கத்துத் தமிழர்தான். "வக்கீல் சாபுக்கு ஃபுல் மிலிட்டரி ஹானர். இந்தஜாம், ஏற்பாடு எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அடுத்த மூச்சில், "அவரோட கேஸ் காகஜ் எல்லாம் எந்த ரூம்ல இருக்கு, மாஸ்டர்ஜி? சேஃபா எடுத்து வெச்சிரலாம்" என்றார்.

வகுப்பில் பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத அன்றுதான் பிள்ளைகள் வாத்தியாருக்குக் கொய்யாப்பழம் கொண்டுவருவார்கள். எனக்குக் கொடி தெரியவில்லை, கொய்யாப்பழம்தான் தெரிந்தது. அவர் கூடத்தில் கொடியை விரித்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாகப் பெட்டியைத் தூக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, பள்ளிக்கூடத்தில் தேசப்படங்கள் வைக்கும் அலமாரியில் பூட்டிவிட்டுத் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு சிப்பாய்களோடு சுபேதார் வந்தார், சேலத்துக்காரர். உங்கள் மனைவியிடம் தலை குனிந்து, "அம்மா, ஐயாவோட மெடல் இருந்தா குடுங்க. கொடி மேல வெக்கணும், அது முறை" என்றார்.

"தகரப் பொட்டியிலதான் வெச்சிருப்பாக" என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் தம்பி, பொட்டி எங்கெ?"

சுபேதாரின் தோளுக்குப் பின்னால் அலுவலகத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைக் கண்டுபிடிக்கத்தான் சுபேதார் வாயால் மெடலைக் கேட்க வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதென்ன, உறுதியாகவே நம்பினேன்.

"எந்தப் பெட்டி, அக்கா?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இல்லைங்க. மெடலெல்லாம் அவுக எப்பவோ தொலைச்சுட்டாக" என்றார்.

கணவரின் மையத்து கூடத்தில் கிடக்கும்போது ஒரு மனுஷியைப் பொய் சொல்ல வைத்தேன், பாய்.

சுபேதார் என் பக்கம் திரும்பினார். "ஐயா பர்மாவுல இருந்தாரா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். தன் மார்பில் தொங்கிய மெடல்களில் ஒன்றைக் கழற்றினார். இதே நட்சத்திரம். சந்தூக்கைப் போர்த்தியிருந்த கொடியின் மேல் அதை வைத்து மடிப்பைச் சரிசெய்தார். "பர்மாக்காரர் சும்மா போகக் கூடாதுங்க" என்றார்.

ஜனாஸா தொழுகை முடிந்து கபர்ஸ்தானுக்குப் போனோம். சிப்பாய்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். கொடியை எடுத்து மடித்த பிறகு உங்களைக் குழியில் இறக்கினோம். மூன்று முறை சுட்டார்கள், பிறகு பியூகிள் ஊதினார்கள். சுபேதார் தன் நட்சத்திரத்தைச் சட்டைக் கையில் துடைத்துத் திரும்பக் குத்திக்கொண்டார். அப்போதும் நான் அலுவலகத்துக்காரரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் உங்கள் அலமாரியைக் குடைந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு ஏற்றம் இறங்கிப் போனார்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். காகிதங்களுக்கு அடியில் ஒரு காலுறைக்குள் மெடல்கள் இருந்தன. பூட்டுவதற்கு முன் நட்சத்திரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள அரை நிமிஷம் போதும். தோன்றவில்லை.

வாக்குமூலங்கள் கப்பலேறின. வேறொரு வக்கீல் வழக்கை நடத்தினார். வண்டூர்க் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த அலுவலகத்துக்காரர் மேல் இருந்த சந்தேகமும் இன்றுவரை போகவில்லை. ஆனால் சுபேதாரிடம் உண்மையைச் சொல்லப் போனபோது அவருடைய கம்பெனி மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டிருந்தது. பெட்டியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலுறையைப் பிரித்து நட்சத்திரத்தை மட்டும் என்னிடமே நீட்டினார். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன், தம்பி. இனி அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அதனால் என்னிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை துடைக்கிறேன். உங்களுக்கு வைக்கத் தவறியது, சுபேதாரிடம் சொல்லத் தவறியது, இரண்டும் இந்தச் சின்ன வெண்கலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாலிஷுக்கும் போவதில்லை. மற்றவர் கையைப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். என் கை எதைப் பூட்டிக்கொண்டிருந்தது என்று பார்க்கவில்லை.

இந்த மடலை வேறு யாராவது படித்தால், அவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி: அடுத்த முறை யார் மேலாவது சந்தேகம் வந்து எதையாவது ஒளித்து வைக்கப் போனால், பூட்டுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதில் எது இன்றைக்கே வேண்டியது என்று ஒருமுறை பாருங்கள்.