நாற்பத்துநாலு அங்குல ஸ்வெட்டர்

யெல் தீவு, ஷெட்லாந்து
1958 பிப்ரவரி 11

அன்புள்ள மகன் கிப்பிக்கு அம்மா எழுதுறது. நானும் பசுவும் சௌக்கியம், வீட்டுக் கூரையும் இந்தக் குளிரைத் தாங்கிடும் போல இருக்கு. நியூசிலாந்துல இப்போ வெயில்னு எழுதியிருந்தே, உடம்பைப் பார்த்துக்கோ. நீ கேட்ட ஸ்வெட்டர் இந்தத் தபாலோட வருது. ரெண்டு மாசம் தாமதம். ஏன்னு நானே சொல்லிடுறேன், இல்லேன்னா பக்கத்து வீட்டு லீபி கண்ணு காது மூக்கு வச்சு உனக்கு எழுதிடுவா.

நீ மார்பளவு நாற்பத்துநாலுன்னு எழுதியிருந்தே. நான் நம்பலை. இங்கேருந்து கப்பல் ஏறுறப்போ உனக்கு முப்பத்தெட்டு, போட்டுக்கிட்டுப் போனதைப் பின்னினவளே நான்தானே. கோட்டு மேல நாடாவைச் சுத்தி அளந்திருப்பான், எதை ஒழுங்கா செஞ்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டு முப்பத்தெட்டுக்கே ஊசியில கண்ணி போட்டேன். மூச்சு விட ரெண்டு அங்குலம் கூட்டினேன், அவ்வளவுதான். கை வர்ற இடத்துல வெட்டுறதுக்குன்னு பத்துக் கண்ணி சேர்த்து, தோள் வரைக்கும் குழாயா சுத்திப் பின்னி முடிச்சேன். கத்தரி வைக்கிற வரைக்கும் பிரிச்சுப் பின்னலாம், வெட்டிட்டா வெட்டினதுதான். ரெண்டு பக்கமும் வெட்டினேன், தோள்லேருந்து கண்ணி எடுத்து மணிக்கட்டு வரைக்கும் கை பின்னினேன், வெட்டின ஓரத்தை உள்ளே மடிச்சுத் தைச்சேன். குறை சொல்ல ஒண்ணும் இல்லை. துவைச்சு, காயறப்போ உருவம் நிக்கறதுக்காக ஈரத்தோட மரச்சட்டத்துல மாட்டப் போனா உள்ளேயே போகலை. இந்தச் சட்டத்துல மார்பு, தோள், கை எல்லாத்துக்கும் தனித்தனி முளை, ஆளோட அளவுக்கு நகர்த்தி வைக்கணும்னு உனக்குத் தெரியும். உங்க அப்பாவோட அளவுக்கு வச்சது அப்படியே இருந்தது. அவர் போய் மூணு வருஷமா நான் அதைத் தொடலை. முளையை உள்ளே தள்ளலாம்னா ஈரத்துல ஊறி இறுகிக் கிடந்தது. ஸ்வெட்டரை இழுத்துக்கிட்டு நிக்கிறப்போ லீபி வந்தா.

அவ கண்ணு முதல்ல மேஜை மேல இருந்த உன் கடிதத்துல விழுந்தது. கேக்காமலே எடுத்துப் படிச்சா. நாற்பத்துநாலுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கான், உனக்கு எண்ணு தெரியாதா ஓஸ்லா, இல்ல மகனைத் தெரியாதான்னு கேட்டா. கடைசி வரியையும் படிச்சா. நான் வந்தா வீட்டுக்குள்ளே விடுவியான்னு நீ கேட்டிருந்தியே, அதை. இதுக்கு என்ன பதில் போட்டேன்னு கேட்டா. ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். போன பையனுக்குப் பின்னியிருக்கே, கேட்டது வேற ஆளுடின்னு சொல்லிட்டு, அதுக்குத்தான் வந்தவ மாதிரி அந்தச் சின்ன ஸ்வெட்டரையும் தன் புருஷனுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. ஒடிசலான ஆளு, அவனுக்கு அச்சா பொருந்திடுச்சு.

எனக்கு உன் மேல கோபம் இருந்தது. அப்பா கூட ஒரே படகுல போகமாட்டேன்னு போனே, பதினொரு வருஷம் ஆச்சு. அவரை அடக்கம் பண்ணினதுக்கும் வரலை, தந்தி மட்டும் வந்தது. அந்தக் கோபத்தை நான் ஒளிக்கலை. ஆனா அளவை நம்பாதது என் தப்பு. லீபி போன மறுநாளே நீ எழுதின அளவுக்கு ஒவ்வொண்ணா எண்ணிக் கண்ணி போட்டேன். மார்பு, கை நீளம், தோள், கழுத்து. இந்தத் தடவை முளையெல்லாம் எண்ணெய் விட்டுத் தளர்த்தி வச்சிருந்தேன், எங்கே நகர்த்தணுமோன்னு. துவைச்சு மாட்டினேன். ஒரு முளையையும் நகர்த்த வேண்டியிருக்கலை. கை நீளம்கூட உங்க அப்பாவுக்கு இருந்த மாதிரியே. அடுப்புக்கு முன்னால அது காய்ஞ்சுக்கிட்டிருந்த ரெண்டு நாளும் நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உக்காந்திருந்தேன்.

வெதுவெதுப்பான தண்ணியில துவை, முறுக்கிப் பிழியாதே, கொடியில தொங்கவிடாதே, படுக்கவச்சே காயவை. கையைத் தூக்கினா இடுப்புப் பக்கம் மேலே ஏறக்கூடாது, ஏறினா எழுது. மணிக்கட்டு ஓரம் ரெண்டு குளிர்காலத்துல நைஞ்சுடும், அந்த இடத்தை மட்டும் பிரிச்சுப் புதுசா பின்னணும். அங்கே யாரையும் கைவைக்க விடாதே. யாருக்குப் பின்னினாலும் அதுக்குன்னு அதே நிறத்துல ஒரு சிட்டம் நூல் கூட வச்சு அனுப்புவேன். இந்தத் தடவை வைக்கலை. உன் அறை அலமாரியில இருக்கு.

கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், கடல்லயும் சரி, கரையிலயும் சரி.

இப்படிக்கு,
அம்மா ஓஸ்லா