பின்பாதிக்காரிக்கு

இன்று காலை அலமாரியைத் துடைத்தபோது அட்டையில்லாத ஒரு பாதிப் புத்தகம் கையில் வந்தது. முதல் பக்கமே ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது. ஓரத்தில் பிளேடு வைத்துக் கிழித்த தடம். நாவலை இரண்டாக வெட்டிப் படிக்கும் பைத்தியங்கள் தாம்பரம் ரயிலில் நாம் இருவர்தான். நீ கண்ணை மூடிவிட்டாய். மிச்சம் நான் ஒருத்தி.

இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது, அதனால் வந்த வழக்கம் அது. லேடீஸ் பெட்டியில் இடம் பிடித்ததும் புதுப் புத்தகத்தைக் கிழிப்பாய். முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வோம். "கல்யாணத்துக்கு வராம நேரா வளைகாப்புக்கு வர்ற ஆளு நீ" என்று கிண்டல் செய்வேன். நீ அசரமாட்டாய். "எதிர்ல உக்காந்திருக்காங்களே, அந்தம்மாவ நீ பொறந்ததுலருந்தா பாத்துட்டு இருக்க? எல்லாரையும் நடுவுலருந்துதான் பாக்குறோம், ஸ்டெல்லா" என்பாய்.

இந்தப் பாதியில் வருவது அந்த லாட்ஜ்காரக் கிழவி. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறவள், யார் வந்தாலும் எரிந்து விழுகிறவள். என்னிடம் இருந்த முன்பாதியில் அவள் சின்னப் பெண். டிக்கெட் வாங்கி வருகிறேன் என்று போனவன் திரும்பி வராமல், அதே லாட்ஜில் விடியும்வரை காத்திருந்தவள். அதைப் படிக்காமலேயே நீ குரோம்பேட்டை தாண்டும்போது சொன்னாய்: "இவள யாரோ உக்காரவெச்சுட்டுப் போயிருக்காங்கடீ. அதான் யாரப் பாத்தாலும் கடிக்கிறா." எனக்குச் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்துதான் கதையில் வரும் கெட்டவர்களையும் நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

அழுவதற்கும் நீ வெட்கப்பட்டதில்லை. ஒரு ரம்ஜான் மாதத்தில், நோன்போடு, ஊர் ஊராகக் கடிகாரம் பழுது பார்க்கிறவன் செத்துப்போகும் இடத்தைப் படித்துத் தேம்பினாய். பசி மயக்கம் என்று நினைத்து ஒரு பூக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "பசியெல்லாம் இல்லம்மா, இந்தாளு செத்துட்டான்" என்று புத்தகத்தைக் காட்டினாய். பெட்டியே சிரித்தது. நீ மட்டும் அழுதுகொண்டிருந்தாய்.

உன்னிடம்தான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவையும் அண்ணனையும் என்னையும் விட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்ததும் நீ கேட்டாய்: "முன்பாதியோட மூடி வெச்சுட்டியா?" எனக்கு வந்த கோபத்தில் பல நாள் வேறு பெட்டியில் ஏறினேன். ஒரு நாள் நீயே என் பெட்டிக்கு வந்தாய். புது நாவலைக் கிழித்து முன்பாதியை என் மடியில் போட்டாய். அப்பாவைப் பற்றி அதன்பிறகு நீ கேட்கவே இல்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தான். அப்பா அனகாபுத்தூரில் ஒற்றை அறையில் இருக்கிறாராம். உடம்பு முடியவில்லையாம். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ, ஸ்டெல்லா. அப்புறம் நெனச்சாலும் முடியாது." வர முடியாது என்று நான்தான் சொன்னேன். இன்று காலை துடைக்கிற துணியோடு நின்றபடியே அந்தக் கிழவியைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். பிறகு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பல்லாவரம் போய் ஷேர் ஆட்டோ ஏறினேன். போகும் வழியெல்லாம் உன்மேல் கோபம். இந்த மாதிரி நாளில் பக்கத்தில் இல்லாமல் எங்கே போனாய்?

கதவைத் திறந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"ஸ்டெல்லாவா?"

"ஆமா. மன்னிக்க எல்லாம் வரல. அத மொதல்லயே சொல்லிடுறேன்."

தலையை ஆட்டினார். நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நம்ம வீட்டு வாசலத் தாண்டிப் போனீங்களே, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். சொல்லுங்க."

"கேக்க நல்லா இருக்காதும்மா."

"பரவால்ல. நல்லா இல்லாத கதை நெறைய படிச்சிருக்கேன்."

சொன்னார். சில இடங்களில் பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. சில இடங்களில் என் கண் கலங்கியது, அது எனக்குப் பிடிக்கவில்லை. இருமல் அதிகமானதும் நிறுத்திக்கொண்டார்.

என் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு மீதியைக் கேட்கப் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். பிடிக்காத ஆளின் கதையையும் முடிகிறவரை கேட்டே தீருவது என்ற பிடிவாதம் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அதை நான் விடுவதாக இல்லை.