'போல' என்ற ஒரு சொல்

ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
14 நவம்பர் 1972

மதிப்பிற்குரிய மத்வேய் இலீச்,

கட்டிய மனைவி உங்கள் அப்பா பெயரையும் சேர்த்து, "நீங்கள்" போட்டு எழுதுகிறாளே என்று பார்க்கிறீர்களா? நன்றாகப் பாருங்கள். இனி இப்படித்தான்.

நம் கட்டுரை வந்த இதழ் இன்றைக்குத்தான் இங்குள்ள நூலகத்துக்கு வந்தது. மாணவர்களுக்குக் கொதிகலன் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய்ப் பிரித்தேன். நான் எழுதிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும்: "உறைந்த நட்சத்திரத்தின் மேற்பரப்பே அதன் என்ட்ரோபி." அச்சில் இருப்பது: "மேற்பரப்பு என்ட்ரோபி போல நடந்துகொள்கிறது." அந்த "போல" எங்கிருந்து வந்தது? அச்சுக்கோப்பவர் கை தவறிப் போட்டதா?

கடைசிப் பத்தியையே காணோம். அதற்கு என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் அது கதிர் வீச வேண்டும் என்று எழுதியிருந்தேனே, அந்தப் பத்தி. என் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது, உங்கள் பெயருக்குக் கீழே.

நம் சமையலறையில் ஆறிப்போகாத தேநீரைத் தொட்டியில் கொட்டிக்கொண்டே கேட்டது நீங்கள்தான்: "ஜோய்கா, இதை அந்த நட்சத்திரத்துக்குள்ள ஊத்திட்டா, இதோட சூடு, கலைசல் எல்லாம் எங்க போகும்? உலகத்துல கலைசல் குறையவே குறையாதுன்னு சொல்றோமே, அப்ப அந்த விதி பொய்யா?" அதற்குப் பதில் தேடி ஒரு வருஷம் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். விழுந்த எதையும் வெளியே விடாத அந்த நட்சத்திரத்துக்குள் எதைப் போட்டாலும் அதன் மேற்பரப்பு கூடும், குறையாது. ஆகவே கலைசலின் கணக்கு, அதாவது என்ட்ரோபி, அந்தப் பரப்பில்தான் ஏறுகிறது என்று கண்டேன். நீங்கள் ஒரே சொல்லில் அதைக் கரைத்துவிட்டீர்கள்.

யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

நரித்தோல் கழுத்து வைத்த என் குளிர்காலக் கோட்டு இருக்கிறதே, அதை உடனே அனுப்புங்கள். இங்கே பனி கொட்டுகிறது.

ஜோயா கிரிகோரியெவ்னா


மாஸ்கோ,
2 டிசம்பர் 1972

என் ஜோய்காவுக்கு,

உன் "நீங்கள்" என்னைச் சுட்டது. சுடட்டும் என்றுதானே எழுதினாய்.

ஆமாம், "போல" நான் போட்டதுதான். பத்தியை வெட்டியதும் நான்தான். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. கருத்தரங்கில் நீ பேசிய அன்று நடந்ததை மறந்துவிட்டாயா? நம் துறைத் தலைவர், அந்தப் பெரியவர், முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஜோயா கிரிகோரியெவ்னா, உறைஞ்சு போன நட்சத்திரத்துக்குக் காய்ச்சலா? நெத்தியத் தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். மொத்த அறையும் சிரித்தது. அவர் கையெழுத்து இல்லாமல் நம் துறையிலிருந்து எந்தக் கட்டுரை வெளியே போகிறது, சொல். பத்தியோடு கொடுத்திருந்தால் அது இன்னும் அவர் மேஜையில்தான் கிடந்திருக்கும்.

எனக்கும் கோபம் வரும் ஜோயா. நீ அவரோடு சண்டை போட்டுவிட்டு ஒரு பருவத்துக்குப் பாடம் நடத்துகிறேன் என்று ரயிலேறிவிட்டாய். இங்கே தினமும் அவர் முகத்தில் விழிப்பது நான். உன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று நாய் மாதிரி அலைந்தவனும் நான். பரப்பு என்றைக்கும் குறையாது என்ற கணக்கு முழுதாக வந்திருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? ஒரு சொல்லுக்காகவா இத்தனை ஆட்டம்?

கோட்டை அனுப்பப் போவதில்லை. புத்தாண்டுக்கு வா. வந்து நீயே போட்டுக்கொள். ஊறுகாய் ஜாடியைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் மோத்யா


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
19 டிசம்பர் 1972

மத்வேய் இலீச்,

வரமாட்டேன். ஊறுகாயைப் பெரியவருக்குக் கொடுங்கள்.

ஒரு சொல்தானே என்கிறீர்கள். தப்பு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? அதுவும் ஒரு சொல்லில்தான். அமெரிக்கர்கள் அதைக் கருந்துளை என்கிறார்கள். நம் மொழியில் அது ஆபாசமாகத் தொனிக்கிறதாம், பெண்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சமாம் நம் பெரியவருக்கு. அதனால் நாம் எல்லோரும் உறைந்த நட்சத்திரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தூரத்திலிருந்து பார்த்தால் சுருங்கிச் சுருங்கி விளிம்பில் நின்றுவிட்டது போலத் தெரிவதால் வைத்த பெயர் அது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் உறைந்தது என்று வாய் சொல்லிச் சொல்லி, அதற்குச் சூடு இருக்காது என்று மூளையும் நம்பிவிட்டது. அன்று அவர்கள் என் கணக்கைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பெயரைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்களும்தான், மூன்றாவது வரிசையில் குனிந்துகொண்டு. நான் பார்த்தேன்.

என் பெயரைக் காப்பாற்றினேன் என்று சொல்லாதீர்கள், பற்றிக்கொண்டு வருகிறது. என் பெயரை வைத்துக்கொண்டு என் பேச்சை எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் காப்பாற்றுவதா? அது கதிர் வீசும் என்று நான் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். என் தப்பாக இருந்திருக்குமே. இப்போது எனக்கென்று ஒரு தப்புகூட இல்லை.

எட்டு வருஷம் உங்கள் வீட்டில் மனைவி போல நடந்துகொண்டேன். இப்போது படிக்க எப்படி இருக்கிறது? ஒரு சொல்தானே.

கோட்டை அனுப்புங்கள். பக்கத்து அறைக்காரி தன்னுடையதைத் தந்துவிட்டு இருமிக்கொண்டு திரிகிறாள்.

ஜோயா


மாஸ்கோ,
28 மார்ச் 1974

ஜோயா,

நீ பதில் போடாத கடிதங்களை எல்லாம் விட்டுவிடு. இதை மட்டும் படி.

அது கதிர் வீசுகிறது. இங்கிலாந்திலிருந்து சேதி வந்திருக்கிறது. அங்கே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வெப்பநிலை உண்டு, உண்மையான வெப்பநிலை. பெரியதாக இருந்தால் குளிர்ச்சி, சிறியதாக இருந்தால் கொதிப்பு. பரப்பே என்ட்ரோபி. உன் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல்.

நேற்றுக் கருத்தரங்கில் அதைத்தான் பேசினார்கள். எல்லாம் முடிந்ததும் பெரியவர் திரும்பி, "நம்ம மத்வேய் இதுக்கு ரொம்பப் பக்கத்துல வந்தார். ஆனா ஜாக்கிரதைக்காரர், 'போல'ன்னு போட்டுக்கிட்டார்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து, "பக்கத்துல வரல. ஜோயா அப்பவே அங்க போயிட்டா. நான்தான் வெட்டினேன்" என்றேன்.

"ஏன் வெட்டினீங்க?"

"நீங்க சிரிச்சீங்க."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் எல்லாத்துக்கும்தான் சிரிப்பேன். அதுக்காக வெட்டுவாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதனின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட மோசம், அவர் சொன்னது சரி.

இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். அந்தச் சொல் என்னுடையது, வெட்டிய பத்தி உன்னுடையது என்று எழுதி, பத்தியையும் முழுதாகச் சேர்த்திருக்கிறேன். போடுவார்களோ மாட்டார்களோ.

நீ கோபமாக இருப்பாய். இரு. கோபம் இருந்தால் சூடு இருக்கிறது, சூடு இருந்தால் என்றைக்காவது ஏதாவது வெளியே வரும் என்று உன் கணக்கை வைத்தே நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆசை தீரத் திட்டி எழுது. ஒரே ஒரு முறை "நீ" போட்டுத் திட்டு. அமைதியாக ஒரு கடிதம் வந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

கோட்டைப் போன வசந்தத்திலும் இந்த வசந்தத்திலும் வெயிலில் காய வைத்து, பூச்சி உருண்டை போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். வா, ஜோய்கா.

மோத்யா


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
16 ஏப்ரல் 1974

அன்புள்ள மத்வேய்,

உன் கடிதம் கிடைத்தது. நலம்தானே? மூட்டு வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்டபடியே "நீ" என்று எழுதுகிறேன். அதில் இப்போது எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

இங்கிலாந்துச் சேதியை எழுதியதற்கு நன்றி. அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். மாணவர்களுக்குக் கொதிகலனை விட்டுவிட்டு இதையே சொல்லிக்கொடுத்தேன். திருத்தம் அனுப்பியதும் நல்ல காரியம். சபையில் எழுந்து நின்று சொன்னாய் என்பதைப் படித்தபோது, இதை அன்றே செய்திருக்கலாமே என்று தோன்றியது. பிறகு அதுவும் போய்விட்டது.

இங்கேயே நிரந்தரமாக வேலை தருகிறார்கள். ஒப்புக்கொண்டேன். விவாகரத்துத் தாள்கள் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. அவசரம் இல்லை.

கோட்டை யாருக்காவது கொடுத்துவிடு, மத்வேய். அந்த முதல் குளிர்காலத்திலேயே இங்கே ஒன்று வாங்கிவிட்டேன். சாதாரணக் கோட்டுதான், கழுத்தில் நரித்தோல் எல்லாம் இல்லை. நன்றாகச் சூடாக இருக்கிறது.

ஜோயா