சூசை அண்ணையின் பெயரில் ஒரு தபாலட்டை

1974 ஒக்டோபர் 5, சனி

நல்ல வெயில். வாடைக் காற்று இன்னும் தொடங்கவில்லை. காலையிலேயே றேடியோவின் ரோச் பற்றறி நான்கையும் மதில் மேல் காயப் போட்டேன். கடையில் புதுப் பற்றறி இல்லை. அடுத்த மாதம் வருமாம். போன மாதமும் அதையேதான் சொன்னான். வெயிலில் காய்ந்த பற்றறி அரை மணித்தியாலம் தாங்கும். கொழும்பு வானொலியில் றோலண்டின் ஆங்கில றொக் நிகழ்ச்சியும் அரை மணித்தியாலந்தான்.

நாலு மணிக்கு என் வீட்டு விறாந்தையில் வழக்கமான ஐந்து பேர். நான், கிண்ணியாவிலிருந்து படகேறி வரும் நசீர் (புடவைக் கடை, இனி ந.), துறைமுகக் கந்தோர் ஆட்கள் மூவர். பதினாறு வருடமாக அதே குரல். மற்ற அறிவிப்பாளர்கள் மாதிரிப் பாட்டின் மேல் ஏறி நின்று பேச மாட்டார். கடைசிக் கிற்றார் தந்தி அதிர்ந்து அடங்கும் வரை பொறுத்திருப்பார், பிறகுதான் வாய் திறப்பார். அதற்காகவே அந்த மனுசனைப் பிடிக்கும். "ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும் இந்தக் கூச்சல்" என்பார் என் தகப்பனார். ஐயா போய் ஏழு வருடம். கூச்சல் அப்படியே இருக்கிறது.

இன்று பாட்டுக்கு முதல் பேச்சு. குரல் சரியில்லை. றொக் இசையை இப்போது எவரும் கேட்பதில்லை, நேரத்தை வேறு எதற்காவது கொடுக்கலாம் என்று மேலிடத்தில் சொல்கிறார்களாம். கேட்கிறவர்கள் இருந்தால் தபாலட்டை போட வேண்டுமாம். ஒருவருக்கு ஒரு அட்டை. பெயர், விலாசம், எங்கேயிருந்து கேட்கிறோம் என்ற விபரம். பத்தொன்பதாம் திகதிக்கு முன்.

ந. கதிரையை விட்டு எழும்பவில்லை. "எங்கட ஊரில இருந்து அம்பது கிட்டயாவது போகோணும் மச்சான்."

ஒக்டோபர் 7, திங்கள்

ஜெற்றியில் மாக் கப்பல். பகல் முழுக்க மூட்டை எண்ணல், அதுதானே என் உத்தியோகம். மனம் அட்டையில்.

மதியம் சாப்பாட்டோடு உண்மையாகக் கேட்கிறவர்களை எண்ணிப் பார்த்தேன். விறாந்தை ஐந்து. ஓர்ஸ் ஹில்லில் ரெலிபோன் ஒப்பரேற்றரும் தங்கச்சியும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். மூதூர் மாஸ்டரும் அவருடைய இரண்டு மச்சான்மாரும். பதினொன்று. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் பதினொன்றுதான்.

ந.: "மிச்சத்துக்கு நாம பேர் போடுவம். ஆர் பாக்கப் போறான்?"

கூடாது என்று சொல்லியிருக்கலாம். "விலாசம் சரியா இருக்கோணும்" என்றேன்.

ஒக்டோபர் 9, புதன்

புழுக்கம். ந.வும் நானும் பின்னேரம் முழுக்க அட்டை எழுதினோம். முப்பத்தாறு பொய்ப் பெயர். ந.வுக்குக் கடைக்கு வருகிற ஆட்கள், எனக்கு ஜெற்றி ஆட்கள். நீல மை, பச்சை மை, பென்சில். ஆறு அட்டை இடது கையால், கோழி கிளறியது போல. எல்லாம் ஒரே பெட்டியில் போடக் கூடாது: கிண்ணியாவில் கொஞ்சம், பட்டினத்தில் கொஞ்சம், துறைமுக வாசலில் கொஞ்சம். இந்த மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் கொழும்பில் இருந்திருப்பேன்.

கடைசி அட்டைக்குப் பெயர் வரவில்லை. பிறகு எழுதினேன்: சூசை, லோஞ்ச் ஓட்டி.

சூசை அண்ணை போய் மூன்று வருடம். வாடைக் காற்றில் அவருடைய லோஞ்ச், கப்பலுக்கு ஆள் ஏற்றுகிற அந்த எஞ்சின் படகு, துறைமுக வாய்க்கு வெளியே உடைந்தது. பலகைகள் சம்பூர்க் கரையில் ஒதுங்கின. கூடப் போன இருவரின் உடல் கிடைத்தது. அவருடையது இல்லை. எனக்கு இந்த இசையைக் காதில் ஏற்றிவிட்டதே அவர்தான். எஞ்சின் பெட்டி மேல் றேடியோவைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். இருந்திருந்தால் முதல் அட்டை அவருடையது.

மற்ற அட்டைகளில் இரண்டு வரி. இதில் மட்டும் இடம் முடியும் வரை, என் சொந்தக் கையெழுத்தில். விலாசம் அவருடைய வீடு. முப்பத்தாறில் இது ஒன்றுதான் பொய் இல்லாதது என்று பட்டது. துறைமுக வாசல் பெட்டியில் போட்டேன்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

மூட்டம். பூசை முடிய ஆத்துமாக்கள் திருநாள் பட்டியல் வழக்கம்போல் என் தலையில். நவம்பர் இரண்டாந் திகதி பூசையில் பங்குச் சுவாமி வாசிக்கும் இறந்தவர்களின் பெயர்கள். வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய துண்டு தருவார்கள். நல்ல எழுத்தில் பிரதி பண்ணிக் கோயில் பலகையில் ஒட்டுவதும் நான்தான்.

பிலோமினா அக்கா (இனி பி. அக்கா) வந்தார். சூசை அண்ணையின் மனைவி. மூன்று வருடமாகத் துண்டு தராதவர். உடலைக் காணாமல் எப்படிச் செத்த ஆள் என்று சுவாமியோடேயே சண்டை பிடித்தவர்.

"இந்த முறை அவற்ர பேரையும் எழுது தம்பி. இனி எனக்கு ஏலாது. வாசலைப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப் போச்சு."

எழுதினேன். அட்டை புதன்கிழமையே போய்விட்டதே. பெட்டிக்குள் போட்டதைத் திருப்பிக் கேட்க முடியுமா? ஆயிரம் அட்டைக்குள் ஒன்று, யார் வாசிக்கப் போகிறார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மத்தியானம் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 19, சனி

மழை. பற்றறி காயவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன். சத்தம் ஈனமாகத்தான் வந்தது.

மூன்று சாக்கு நிறைய அட்டைகளாம். பதுளையாம், காலியாம், யாழ்ப்பாணமாம், தோட்டத்துப் பள்ளிக்கூடங்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்களாம், தகப்பன்மாரும் எழுதியிருக்கிறார்களாம். நாங்கள் எழுதிய பொய் தேவையே இல்லை. சந்தோசப்பட ஒரு நிமிடம் கிடைத்தது.

"எல்லாவற்றையும் வாசிக்க நேரம் இல்லை. ஒன்று மட்டும்" என்றார். பிறகு பெயரை மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போல. சூசை. திருகோணமலை. லோஞ்ச் ஓட்டி.

முழுவதும் வாசித்தார். அந்த அட்டையை மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாராம். சூசை அண்ணைக்காக ஒரு பாட்டும் போட்டார்.

விறாந்தையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ந. மெல்ல: "அவர் மௌத்தாப் போனவரெல்லோ?"

"ஓம்."

"அப்ப ஏன் மச்சான் அவர்ர பேர்?"

றேடியோவை நிறுத்திப் பற்றறியைக் கழற்றினேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

காலை ஆறரைக்கே பி. அக்கா வாசலில். தலை வாரவில்லை. பக்கத்து வீட்டு ரீச்சர் கேட்டுவிட்டு ஓடிப் போய்ச் சொன்னாராம்.

"றேடியோவில அவற்ர பேர் சொன்னதாம். அட்டை போட்டவராம். நீ கேட்டனியோ?"

"ஓம் அக்கா. கேட்டனான்."

"அப்ப மெய்தான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

"பட்டியலை எடு. பேரை வெட்டு. உயிரோட இருக்கிற மனுசனைச் செத்த ஆக்களோட சேர்த்துப் போட்டனே, பாவி நான்."

என் கையால் வெட்டினேன். ஒரு கோடு காணாது என்று இரண்டாவது கோடும் போடச் சொன்னார். போட்டேன். இதை வேறு எவரும் வாசிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்: நான் ஒரு கோழை.

ஒக்டோபர் 23, புதன்

காற்று மாறுகிறது. கடல் கறுத்துக் கிடக்கிறது.

பி. அக்கா மூன்று நாளாகத் துறைமுக வாசலில். இறங்குகிற கப்பல்காரருக்கெல்லாம் கலியாணப் படத்தைக் காட்டுகிறார். மூதூருக்கும் போய் விசாரித்தாராம். காவலாளி கதிரை கொடுத்தான், இருக்க மாட்டேன் என்றாராம். அடுத்த கிழமை வியாழன் கொழும்பு ரயில் ஏறுவாராம். வானொலி நிலையத்தில் அட்டையை வாங்கிப் பார்த்தால் கையெழுத்துத் தெரிந்துவிடுமாம்.

தெரியும்தான். வருடா வருடம் கோயில் பலகையில் பார்க்கிற கையெழுத்து அல்லவா.

அக்காவிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்று ந.விடம் சொன்னேன்.

"சனிக்கு முடிவு சொல்ற வரைக்கும் பொறுங்க மச்சான். ஒண்டு பொய்யெண்டா எல்லாம் பொய்யெண்டுதான் எடுப்பானுகள். றோலண்ட்ட கதை அதோட முடிஞ்சிரும்."

பொறுத்தேன். றோலண்டுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி பயம். பாதிக்கும் மேல்.

ஒக்டோபர் 26, சனி

நிகழ்ச்சி தப்பியது. இன்னும் ஒரு வருடம். விறாந்தையில் கைதட்டல். ந. வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தான். என் பங்கைத் துறைமுக ஆட்களிடம் தள்ளிவிட்டேன்.

முடிக்கும்போது றோலண்ட்: திருகோணமலை லோஞ்ச் ஓட்டிக்கு விசேட நன்றி. அவருக்கு ஒரு கடிதமும் போட்டிருக்கிறாராம்.

கடிதம். அந்த விலாசத்துக்கு.

ஒக்டோபர் 28, திங்கள்

வேலை முடிந்து வர, பி. அக்கா விறாந்தைக் கதிரையில். மடியில் கடிதம். உடைக்கவில்லை.

"அவருக்கு வந்தது. நான் உடைக்கிறது சரியில்லை. ஆனா பொறுக்கேலாமல் கிடக்கு. நீ வாசி தம்பி."

ஐந்து வரி. ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னேன்: உங்கள் அட்டை இந்த நிகழ்ச்சியைக் காப்பாற்றியது. திருகோணமலைக்கு வந்தால் உங்கள் லோஞ்சில் ஒரு தரம் ஏற ஆசை.

அக்கா சிரித்தார். மூன்று வருடமாக அந்தச் சிரிப்பை நான் காணவில்லை. அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, அந்த அட்டை நான் எழுதினது."

விளங்கவில்லை அவருக்கு. திரும்பச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதினொரு பேர், முப்பத்தாறு அட்டை, இடது கை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தார். நெஞ்சில், கடிதம் பிடித்திருந்த கையாலேயே. பிறகு கதிரையில் இருந்தார். கசங்கின கடிதத்தை மடியில் வைத்து நீவினார்.

"என்ன எழுதினனீ அதில?"

அண்ணை சொல்வது போல எழுதியதை, நினைவில் இருந்தவரை சொன்னேன்: கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கேட்கிறேன். எஞ்சின் சத்தம் பாதிப் பாட்டைத் தின்றுவிடும், மிச்சத்தை நானே பாடிக்கொள்வேன். கடைசிப் பாட்டுக்கு மட்டும் எஞ்சினை நிறுத்தி லோஞ்சை மிதக்க விடுவேன். பாட்டு முடிந்துதான் கரை. அதனால் சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் பிந்தித்தான் போவேன்.

"இது மெய்யோ?"

"மெய் அக்கா. எத்தினையோ சனி நானும் கூட இருந்தனான்."

"பிந்தி வந்தது இதுக்கோ? நான் தவறணையில குடி எண்டெல்லோ நினைச்சனான். கடைசிச் சனிக்கிழமையும் அதைச் சொல்லித்தான் சண்டை. ஒரு நாளாவது வாய் திறந்து சொல்லேல்லையே அந்த மனுசன்."

"நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு சொல்லாமல் விட்டவர்."

அப்போதுதான் அழுதார். நானும். படியிறங்கும்போது திரும்பிப் பாராமலே சொன்னார்: "அந்த றேடியோக்காரருக்கும் உள்ளதை எழுது. அவரும் என்னை மாதிரி நம்பிக்கொண்டெல்லோ இருக்கிறார்."

ஒக்டோபர் 29, செவ்வாய்

எழுதினேன். ஒரு பக்கம். முப்பத்தாறையும் ஒப்புக்கொண்டேன், ந.வின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. வேலைக்குப் போகும் வழியில் பெரிய தபால் கந்தோரில் போட்டேன். தாமதித்தால் போட மாட்டேன் என்று தெரியும்.

பின்னேரம் ந. கடைச் சாமான் எடுக்க வந்தான். சொன்னேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினான்.

"எங்கட கையாலேயே அந்த மனுசன்ட கழுத்தை அறுத்துப் போட்டீங்க." படகுக்குப் போய்விட்டான்.

வெட்டுக்கோடு கிடந்த தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் பட்டியல் முழுவதும் திரும்ப எழுதினேன். சூசை அண்ணையின் பெயர் மேலிருந்து ஒன்பதாவது.

நவம்பர் 2, சனி

வாடை தொடங்கிவிட்டது. காலையிலிருந்து தூறல்.

பூசையில் சுவாமி பெயர்களை வாசித்தார். ஒன்பதாவது வந்தபோது பி. அக்கா முழங்காலில் இருந்தார். அசையவில்லை. வெளியே வரும்போது என்னைத் தாண்டிப் போனார்.

ந. வரமாட்டான் என்று நினைத்தேன். மூன்றே முக்காலுக்கு வந்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. சட்டைப் பையில் நான்கு புதுப் பற்றறி. எங்கே பிடித்தான் என்று கேட்டேன். "போடுங்க" என்றான், அவ்வளவுதான்.

நாலு மணி. பி. அக்கா வேலியோரம் குடையோடு நிற்கிறார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

இருபத்தைந்து நிமிடம் றோலண்ட் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக்கு மேல் பாட்டு. ஒன்றும் காதில் ஏறவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லை என்று ஒரு மனம், சேர்ந்துவிட்டது என்று ஒரு மனம்.

பிறகு சொன்னார்: ஒரு பிழையைத் திருத்த வேண்டும். திருகோணமலையில் சூசை என்று ஒரு நேயர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவர் மூன்று வருடத்துக்கு முன் கடலில் இறந்துவிட்டார். அட்டையை எழுதியது அவருடைய நண்பர். இன்னும் முப்பத்தைந்து அட்டைகளும் அப்படியே. எல்லாவற்றையும் மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த சனி இந்த நேரத்தில் நான் இருப்பேனா என்று தெரியாது. இது இன்றைய கடைசிப் பாட்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

ந. கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னவாம்?" வேலியிலிருந்து அக்கா.

"அண்ணை கடலில செத்துப் போனவர் எண்டு சொல்றார் அக்கா."

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரியோ?"

"ஓம். நாடு முழுக்க."

குடையை மடக்கினார். படியேறி வந்தார். ந. எழும்பிக் கதிரையை விட்டான். இருந்தார். பாட்டுத் தொடங்கிவிட்டது.

"கூட்டு தம்பி," என்றார். "சத்தம் காணாது."